பழைய வண்டிக்கு ஒரு எச்சரிக்கை மணி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்தாலே மலைப்பாதை ஓரம் பானட்டைத் திறந்துபோட்டு நிற்கும் பழைய கார்களைப் பார்க்கிறோம், போன வருஷம் நானும் அப்படித்தான் நின்றேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாறு தாண்டியதும் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) முழுக்க ஒழுகிவிட்டது, ஆனால் டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை. சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகக் காட்டும், அது வற்றிப்போனால் முள் இறங்கக்கூடச் செய்யும் என்று அப்புறம்தான் மெக்கானிக் சொன்னார். அதற்குள் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதற்கடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போய்விட்டது.

இப்போது ரேடியேட்டர் மேல்தொட்டியில் ஒரு புரோப் (கூலண்டில் மூழ்கி நிற்கும் உலோகக் கம்பி) பொருத்தி, டாஷ்போர்டில் பஸ்ஸரும் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறேன். கூலண்ட் குறைந்து புரோப் வெளியே தெரிந்தால், கூலண்ட் வழியாக வண்டியின் பாடிக்குப் போகும் மின்சாரம் அறுந்து பஸ்ஸர் கத்தும், அவ்வளவுதான் விஷயம். சூட்டில் விரியும் கூலண்டுக்கு இடம் தரும் பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டேங்க் உள்ள வண்டி என்றால் அதில் ஒரு மிதவை ஸ்விட்ச் போதும். வயர் இழுக்கும்போது ஃபியூஸ் வைக்க மறக்காதீர்கள். சத்தம் கேட்டதும் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள், சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியையோ டேங்க் மூடியையோ தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பும் பழைய வண்டிக்காரர்கள் அதற்கு முன்பே இதைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர், காரமடை