பிரிஸ்டல் பஸ்ஸும் உன் அப்பாவும்

பிரிஸ்டல்,
அக்டோபர் கடைசி வாரம்.

அன்புள்ள மாரி,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குச் சளி, அவருக்கு வழக்கமான முதுகுவலி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா, மஞ்சு கல்யாணத்துக்குக் கணக்கு டீச்சர் வந்தாரா, வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாரா என்றெல்லாம் நீ எழுதியே ஆக வேண்டும். ரோஜாப்பூவும் பொன்மொழியும் போட்டு வருகிற காலை வணக்கப் படங்களை நான் கடிதமாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். தினமும் விடியற்காலையில் அதை அனுப்ப நேரம் இருக்கிறவளுக்கு நாலு வரி எழுத நேரம் இல்லையா?

நான் எழுத உட்கார்ந்ததே உன் போன வாரக் குரல் செய்தியால்தான். "இந்த வருஷத்தோடு வகுப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன் ஜெயா, யாருக்கு என்ன பிரயோஜனம்" என்றாய். பிள்ளைகளுக்கு நீ எடுக்கிற வகுப்பையா நிறுத்துவாய்? அன்று முழுவதும் வார்டில் அந்தக் குரல்தான் காதில் இருந்தது. போனில் பதில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. முழுவதும் படி.

இங்கே அக்டோபர் கறுப்பின வரலாற்று மாதம். பள்ளிக்கூடம், நூலகம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் ஏதாவது நடக்கும். பிரிட்டனில் இது தொடங்கியது 1987இல், லண்டனில். தொடங்கி வைத்தவர் அக்யாபா அடாய்-செபோ என்கிற கானாக்காரர். அவரோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குச் சின்னப் பையன், பெயர் மார்கஸ். கறுப்பின மக்களைத் தலைநிமிரச் சொன்ன மார்கஸ் கார்வியின் பெயரைத்தான் பிள்ளைக்கு ஆசையாக வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை ஒருநாள் இரவு, "நான் ஏன் வெள்ளையாக இல்லை?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அதைக் கேள்விப்பட்டுத்தான் அடாய்-செபோ இந்த மாதத்துக்காக அலைய ஆரம்பித்தார். இதைப் படித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான். எலுமிச்சம்பழத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு எரிச்சலில் கண்ணீர் வழிய எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாயே. நாடகம் முழுவதும் உனக்குத்தான் மனப்பாடம், ஆனால் ஆண்டு விழாவில் உனக்கு எப்போதும் அரக்கி வேஷம்தான் கொடுத்தார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை மாரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதிக்காக உழைத்த கறுப்பின மக்களையும் தன்னார்வலர்களையும் பாராட்ட ஒரு மாலைக் கூட்டம் வைத்திருந்தார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜமைக்கா அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, நான் வந்த புதிதில் குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்து, எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று எழுதிக் கொடுத்தவர். சனிக்கிழமைதோறும் தனியாக இருக்கிற வயதானவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார், பல வருஷமாக. அவருக்கும் அன்று மரியாதை செய்தார்கள். அவருக்காகத்தான் போனேன். வாழ்த்துரை, கைதட்டல், காகிதத் தட்டில் கோழியும் சோறும். அதற்கப்புறம் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். 1963 கோடையில் இளைஞனாக வேலைக்குத் தினமும் நடந்தே போனதைச் சொன்னார். மழையிலும் நடந்தோம், பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன், நீயே கண்டுபிடித்தாலும் கண்டுபிடித்துவிடுவாய்.

கதை இதுதான். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு, இது அவரைப் போன்ற கண்டக்டர்கள் கதை.

அன்றைக்கு பிரிஸ்டலில் பஸ் ஓட்டியது பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி. அரசுடைமை நிறுவனம். வேலைக்கு ஆள் பற்றாக்குறை. ஆனால் டிரைவராகவோ கண்டக்டராகவோ நிறமுள்ள யாரையும் எடுக்க மாட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் கை கறுக்க வேலை பார்க்கலாம், கேன்டீனில் பாத்திரம் கழுவலாம், பஸ்ஸுக்குள் நின்று டிக்கெட் கிழிக்கக் கூடாது. நிர்வாகம் மட்டும் இதற்குக் காரணமில்லை. அங்கிருந்த தொழிற்சங்கக் கிளையே 1955இல் அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. சம்பளம் குறைவு, ஓவர்டைம் பார்த்தால்தான் வீடு நடக்கும், புது ஆட்கள் வந்தால் ஓவர்டைம் போய்விடும் என்ற பயம். யூனியன் உறுப்பினர் அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற உன் அப்பா இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ராய் ஹாக்கெட் என்று ஒருவர், ஜமைக்காவிலிருந்து வந்து கட்டட வேலை பார்த்தவர். அவர் மனைவி கண்டக்டர் வேலைக்கு மனுப் போட்டு, தகுதியிருந்தும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். ஹாக்கெட்டும் ஓவன் ஹென்றி, ஆட்லி எவன்ஸ், பிரின்ஸ் பிரவுன் ஆகியோரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தியவர்கள். சங்க வேலையெல்லாம் ஷிப்ட் முடிந்த பிறகுதான். அவர்களுக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தார், பால் ஸ்டீபன்சன், இளைஞர் நல அலுவலர், அப்போது வயது இருபத்தைந்துதான்.

ஸ்டீபன்சன் செய்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார். கய் பெய்லி என்று ஒரு பையன், இரவுப் பள்ளியில் படிக்கிறவன், ஒழுக்கமானவன், குறை சொல்ல எதுவுமே இல்லாதவன். கம்பெனிக்குப் போன் போட்டு அவனுக்கு நேர்முகத் தேர்வு வாங்கினார். வரச் சொல்லியும் விட்டார்கள். அப்புறம் மறுபடி போன் செய்து, பையன் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவன் என்றார். தேர்வு ரத்து. இதுவரை வாய்வார்த்தையாக இருந்ததற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. 1963 ஏப்ரல் கடைசியில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்கள். இனி நம் ஆட்கள் யாரும் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று. அமெரிக்காவில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்து ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1955இல் தொடங்கி வைத்த பஸ் புறக்கணிப்பு இவர்கள் மனதில் இருந்தது.

இரண்டே நாளில் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் வந்தார்கள். ஹாக்கெட்டும் ஆட்களும் சாலையில் நின்று பஸ்ஸை மறித்தார்கள். தொழிற்கட்சி அரசியல்வாதி டோனி பென் ஆதரித்தார். அப்பாவுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் அப்போது டிரினிடாடின் ஹைகமிஷனராக லண்டனில் இருந்தார். நிறத்தைக் காரணம் காட்டி இடம் தராத லண்டன் ஹோட்டல்மேல் வழக்குப் போட்டு 1944இல் ஜெயித்த மனுஷன். அவரும் களத்தில் இறங்கினார், மேயரிடம் பேசினார், யூனியன் தலைமையிடம் பேசினார். நான்கு மாதம் இழுத்தது. ஆகஸ்ட் 27 அன்று ஐநூறு பஸ் தொழிலாளிகள் கூடி, நிறத் தடையை எடுத்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் 28ஆம் தேதி கம்பெனி அறிவித்தது. அதே நாளில்தான் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசினார்.

செப்டம்பர் 17 அன்று வேலையில் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத கண்டக்டர் யார் தெரியுமா? ரக்பீர் சிங். சீக்கியர், நம் நாட்டு வழி வந்தவர். அதற்குச் சில நாள் கழித்துத்தான் ஜமைக்காக்காரர்களும் பாகிஸ்தான்காரர்களும். போராடியது அவர்கள், கதவு திறந்ததும் முதலில் உள்ளே போனது நம்மில் ஒருவர். 1965இலும் 1968இலும் இன உறவுச் சட்டங்கள் வந்ததற்கு இந்தப் போராட்டமும் ஒரு காரணம். வேலையிலும் வாடகை வீட்டிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று இரண்டாவது சட்டம் சொன்னது. நான் இங்கே யூனிபார்ம் போட்டுக்கொண்டு மாதச் சம்பளம் வாங்குவது அந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

அதனால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாங்கள் வீடு தேடியபோது நம்மவர்கள் சிலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? "செயின்ட் பால்ஸ் பக்கம் மட்டும் பார்க்காதே, அங்கே அவங்கதான் அதிகம்." 1980இல் நடந்த கலவரத்தை, தாங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை, நேற்று நடந்ததுபோல் சொல்கிறார்கள். யார் முதுகின்மேல் ஏறி இந்த ஊருக்குள் வந்தோம் என்ற நினைப்பே இல்லை. கடல் தாண்டினாலும் இந்தப் புத்தி தாண்டவில்லை மாரி.

அந்த செயின்ட் பால்ஸ் சுவர்களில் ஏழு பேருடைய முகங்களை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். மிஷேல் கர்ட்டிஸ் என்ற ஓவியர் செய்தது. செயின்ட் பால்ஸின் ஏழு புனிதர்கள் என்று பெயர். ஹாக்கெட் இருக்கிறார், ஓவன் ஹென்றி இருக்கிறார், ஆட்லி எவன்ஸ் இருக்கிறார். எனக்குப் பிடித்தவர் கார்மன் பெக்ஃபோர்ட். ஜமைக்காவிலிருந்து செவிலியர் படிப்புக்கு வந்தவர், என் தொழில். டெலோரஸ் கேம்பல், பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர். பார்பரா டெட்டரிங், ஆசிரியை, உன் தொழில். இவர்களெல்லாம் சேர்ந்து 1968இல் ஆரம்பித்த தெருத் திருவிழாதான் பின்னாளில் ஜூலையில் ஊரையே அடைக்கும்படி வளர்ந்த செயின்ட் பால்ஸ் கார்னிவல். பாட்டும் கொட்டும் கூட்டமும், நம் பங்குனிப் பொங்கல் தோற்றுவிடும். (நம் ஊர் மாரியம்மன் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

கய் பெய்லிக்குக் கடைசிவரை அந்தக் கண்டக்டர் வேலை கிடைக்கவில்லை. ஆனால் மறுவருஷமே மேற்கிந்தியர்களுக்காக ஒரு கிரிக்கெட் கிளப் ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். ஸ்டீபன்சனுக்கு 2009இல் அரசு விருது கொடுத்தது. கணக்குப் போட்டுப் பார், 46 வருஷம். அந்தத் தொழிற்சங்கத்தின் வாரிசான யூனைட் 2013இல் மன்னிப்புக் கேட்டது. ஒரு ரயிலுக்கு ஸ்டீபன்சன் பெயர் வைத்தார்கள், 2020இல். ஹாக்கெட் 2022இல் 93 வயதில் போனார், ஸ்டீபன்சன் 2024 நவம்பரில். இவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள், அந்த ஆறுதலாவது உண்டு. ஓவன் ஹென்றிக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இப்போது 1997க்கு வா. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அவர் கட்டபொம்மன் படையில் இருந்த தலித் வீரர் என்பதாலேயே, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று நம் தெருவிலேயே வெயிலில் நடந்து போனவர்கள் இருந்தார்கள். உன் அம்மா வாசலில் நின்றுகொண்டே இருப்பார், அப்பா டிப்போவிலிருந்து வரும்வரை. கலவரம், கண்ணாடி உடைப்பு, உயிர்ச்சேதம். கடைசியில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. யார் சொன்னது நடந்தது என்று பார்த்தாயா? கூட்டத்தில் அந்தப் பெரியவர் "நடந்தே போனோம்" என்றதும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது நம் தெருதான். இங்கே ஒருவனைப் பஸ்ஸில் ஏற்றுவதற்காக நடந்திருக்கிறார்கள்.

உன் அப்பா அந்த மாதங்களில் ஒருநாள்கூட லீவு போடவில்லை என்று உன் அண்ணன் ஒருமுறை சொன்னான். அப்பா தானாக எதுவுமே சொன்னதில்லை. காலியான பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார்களா? ஏறியவர்கள் யார்? விசில் அடித்துவிட்டு உள்ளே நின்றபோது என்ன நினைத்தார்? அவருக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை, போர்த்தப் போவதுமில்லை. ஆனால் நீ கேட்கலாம். கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார், நல்ல சமயம். போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. எந்த ரூட், கூட இருந்த டிரைவர் யார் என்பதிலிருந்து ஆரம்பித்தால் பேசுவார். நேரடியாகக் கலவரத்தைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

அப்புறம் உன் வகுப்பு. இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஏன் உயிரை விடுகிறாய் என்று உன் மாமியார் கேட்டதும், நீ அந்த ஆயிரத்தையும் பிள்ளைகளுக்குச் சுண்டலாக்கியதும் எனக்குத் தெரியும். சோர்வாக இருந்தால் ஒரு மாதம் லீவு விடு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பிரயோஜனமில்லை என்று மட்டும் சொல்லாதே. வாய்ப்பாடு தெரியாமல் வந்து இப்போது பாலிடெக்னிக் போகிற அந்தப் பெட்டிக்கடைக்காரர் மகளிடம் போய் அதைச் சொல்லிப் பார். யாருக்குப் பிரயோஜனம் என்று ஹாக்கெட்டிடம் 1963 ஜூனில் கேட்டிருந்தால் அவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது, பஸ்கள் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இந்தக் கதையை உன் பிள்ளைகளுக்குச் சொல். கய் பெய்லியாக ஒருவன், போன் எடுக்கிற மேனேஜராக ஒருத்தி என்று நாடகமாகவே போடலாம். நல்ல கறுப்பாக இருக்கிற பெண்ணுக்குக் கதாநாயகி வேஷம் கொடு.

ஜமைக்கா அக்கா உன்னை விசாரித்தார். உன் கோழிக் குழம்புப் பக்குவத்தைக் கேட்கிறார், அளவோடு எழுது, "கொஞ்சம் போடு, தெரியும் உனக்கு" என்றெல்லாம் எழுதாதே. டிசம்பரில் ஊருக்கு வருகிற பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பிள்ளைகளுக்குக் கலர் பென்சிலும் அப்பாவுக்கு ஸ்வெட்டரும் கொடுத்து விடுகிறேன். அந்தச் சுவர் ஓவியங்களின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு அதோடு வைக்கிறேன், வகுப்பில் ஒட்டு. நைட் டியூட்டிக்கு நேரமாகிறது.

அன்புடன்,
ஜெயா