ஆஃபர் லெட்டரைப் படிக்கக் கற்றுத்தந்த எச்.ஆர். அக்காவுக்கு

பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். நன்றியையாவது வாங்கிக்கொள்ளுங்கள், அக்கா. முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நீங்கள் போட்டுக் காட்டிய கணக்கு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

சிடிசி (நிறுவனம் நமக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 6 லட்சம் என்றதும் மாதம் 50,000 என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், அதில் பாதி, 3 லட்சம் என்று வையுங்கள். பேசிக்கில் 12 சதவீதம், அதாவது 36,000, நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், 14,430. வேலைத்திறனைப் பொறுத்து மாறும் வேரியபிள் 60,000 இருந்தால் அதுவும் மாதாமாதம் வராது. 6 லட்சத்தில் இவை போக மிச்சத்தை 12ஆல் வகுத்து, நம் பங்கு பிஎஃப் 3,000 கழித்தால் கைக்கு வருவது சுமார் 37,800. வரி தனி. பேரம் பேச வேண்டியது மாறாமல் வரும் ஃபிக்ஸட் தொகையில்தான். வேரியபிளை ஏற்றித் தந்துவிட்டு மொத்தம் கூடிவிட்டது என்பார்கள்.

“எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” என்றால், “இந்தப் பொறுப்புக்கு என்ன ரேஞ்ச் வெச்சிருக்கீங்க?” என்று முதலில் கேட்கச் சொன்னீர்கள். பிறகு ஒரே எண், ஒரு காரணம், அப்புறம் வாய் மூடல். அந்த மௌனம் தாங்காமல் தானே குறைத்துச் சொல்லிவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்.

கேம்பஸில் மொத்தமாக எடுக்கும்போது சம்பளம் பெரும்பாலும் அசையாது. அங்கே சேரும் தேதி, ஊர், ஜாயினிங் போனஸ் கேட்கலாம். ஓராண்டுக்குள் விலகினால் போனஸைத் திருப்பித் தரவேண்டுமா என்பதையும் பாண்ட் (குறிப்பிட்ட காலம் விலகக்கூடாது என்ற ஒப்பந்தம்), நோட்டீஸ் காலத்தையும் சேர்த்துப் படிக்கணும். போனில் ஒப்புக்கொண்டதை அன்றே மெயிலில் கேட்டு வாங்கணும்.