ஒடுக்க எழுத்துக்குப் பணியாரமே பரீட்சை

காரைக்குடி

அன்பு நண்பனுக்கு,

நலம், உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். பலகார லேபிளுக்கும் கல்யாணக் கொட்டானில் (ஓலைக் கூடையில்) கட்டும் அட்டைக்கும், கையால் எழுதியதுபோல் ஒடுக்கமான, துள்ளலான எழுத்துரு கேட்டிருந்தாய். நல்ல யோசனை. தமிழ் இடத்தை நிறையக் கேட்கும் எழுத்து. 'இளையாற்றங்குடி' என்ற பெயர் சின்ன அட்டையில் ஒரே வரியில் நிற்க ஒடுக்கம்தான் வழி.

ஆனால் அகலமான எழுத்துருவைக் கணினியில் 60 சதவீதத்துக்கு நெருக்கிவிடாதே. நிற்கும் கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் மட்டும் தடித்துக் கிடக்கும். கையால் எழுதியதுபோல் இருக்காது. ஒடுக்கம் வரையும்போதே வர வேண்டும்.

எதை வாங்குவதானாலும் முதலில் 'பணியாரம்' என்று அடித்துப் பார். ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு. சுழிகள் ஒட்டிக்கொண்டால் அது 'பனியாரம்'. பழுப்பு அட்டையில் மை பரவினால் இன்னும் மோசம். விவரம் தெரிந்தவர் ண-வை மட்டும் சற்று அகலமாக விட்டுச் சுழிக்கோட்டை மெலிதாக்கியிருப்பார். அதே சொல்லில் காலும் ர-வும் அடுத்தடுத்து நிற்கின்றன. ர-வின் அடியில் சாய்ந்த வால் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

பிறகு 'சீப்புச் சீடை'. இரண்டு சீயும் அச்சு அசலாக ஒன்றாயிருந்தால் கையெழுத்துக் களை போய்விடும். தானே மாறும் மாற்று வடிவங்கள் உள்ள எழுத்துருவில் இரண்டாவது வேறாக வரும். இல்லையென்றால் அவுட்லைன் ஆக்கியபின், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றியபின், ஒன்றை இரண்டு டிகிரி சாய்த்துவிடு, போதும்.

ளை, லை, னை ஆகியவற்றின் பழைய துதிக்கை வடிவம், 1978 சீர்திருத்தத்துக்கு முந்தையது, ஒடுக்க எழுத்துக்கு மிக அழகு. அகலமும் மிச்சம். மேலே உயரம் கேட்கும், இளையவர்கள் தடுமாறுவார்கள். அதனால் தலைப்பில் மட்டும் வை. 'விலை' எழுதும் இடத்தில் வேண்டாம்.

நெருக்கமாகத் தெரிகிறதே என்று எழுத்து இடைவெளியைக் கூட்டாதே. 'கொட்டான்' என்றால் கொம்பும் காலும் க-வை விட்டுத் தனித்தனியாக நிற்கும். 'முறுக்கு' கீழே இறங்கும், 'சீடை' மேலே ஏறும். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.4 மடங்கு கொடு. இன்டிசைன் மென்பொருளில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் 'தேன்குழல்' கொம்பு த-வுக்குப் பின்னால் போய் உட்காரும். பிழை திருத்தி முடித்து, அவுட்லைன் ஆக்கியபின் அச்சகத்துக்கு அனுப்பு.

இந்த எழுத்து பலகாரத்தின் பெயருக்கு மட்டுமே. சேர்மானம், தயாரித்த தேதி எல்லாம் முக்த மலர் போன்ற நேரான எழுத்துருவில் இருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் பலூ தம்பி துள்ளலானது, ஆனால் தடிமன். கவிவனார் கையெழுத்துச் சாயல், ஆனால் சாய்ந்தே நிற்கும். ஒடுக்கத்துக்கு இரண்டும் உதவாது. ஊறுகாய் பாட்டிலுக்கு ஒடுக்கம் மிகப் பொருத்தம்: வளைவில் முன்பக்கம் தெரிவது சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குதான், பெயர் அதற்குள் அடங்க வேண்டும்.

பாட்டில் சுற்றளவையும் அட்டை அளவையும் மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. எழுத்தின் உயரத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்