வீட்டுப் பட்டறைக் கருவிச் சேகரிப்போர் சங்கம், கோயம்புத்தூர்: 2024–25 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு பெற்ற சங்கம் என்ற முறையில், ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவைக் கூட்டி நடவடிக்கைகளையும் கணக்கையும் முன்வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அதன்படி 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள காலத்துக்கான இவ்வறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டுப் பொதுக்குழு குறைவெண் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்த அளவு வருகை) சேராததால் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது என்பதும், தேநீரும் போண்டாவும் வந்து இறங்கிய பிறகே குறைவெண் சேர்ந்தது என்பதும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளன.

ஜூன் மாதம் கை டிரில்லிங் மெஷினைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை பற்றிய செயல்விளக்கம் நடைபெற்றது. ஆகஸ்டில் ரம்பத்துக்கு அரம் போட்டுப் பல் தீட்டும் பயிற்சி நடைபெற்றது. முன்பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. டிசம்பரில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்தைப் பார்வையிட்டோம். ஜனவரியில் ஈரோடு மாவட்டம் கொடுமணலுக்குச் சென்று, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யல் கரையில் இரும்பு உருக்கி, மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், எஃகு செய்தவர்கள் வாழ்ந்த இடத்தைக் கண்டு வந்தோம்.

அக்டோபர் 11 அன்று ஆயுத பூசை வழக்கம்போல் சிறப்பாக நடைபெற்றது. ஆண்டு முழுவதும் கண்ணில் படாத உறுப்பினர்கள் பலர் அன்று குடும்பத்தோடு வந்திருந்தனர் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். இத்துடன் ஒரு வேண்டுகோள். சந்தனத்தைக் குழைத்து மரத்தைச் சீவும் இழைப்புளியின் அடித்தட்டிலும், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தின் அலகிலும் அப்பிவிட்டு, மறுநாள் துடைக்காமல் போனால், அந்த ஈரம் காய்வதற்குள் இரும்பில் துரு பிடித்துவிடும்; பொட்டு இருந்த இடம் வட்டமாகக் கறுத்து நிற்கும். சென்ற பூசைக்குப் பிறகு அவ்வாறு கறுத்த கருவிகளை எமரித் தாளால் தேய்த்துச் சரிசெய்யும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வரும் ஆண்டில் சந்தனம் குங்குமத்தை மரக் கைப்பிடியில் மட்டும் வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன்.

இனி இவ்வாண்டின் முதன்மைப் பணியான இரவல் அலமாரிக்கு வருகிறேன். இத்திட்டத்தை முன்மொழிந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. செயற்குழுவில் இதுபற்றி எழுந்த சில சொற்களுக்கு விடை கூறும் வாய்ப்பும் எனக்கு இங்கே மட்டும்தான் உண்டு.

நம்மில் ஒவ்வொருவர் வீட்டிலும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கை படும் கருவிகள் உறங்கிக் கிடக்கின்றன. அதே கருவி இல்லாமல் மற்றொருவர் வேலையை நிறுத்தி வைத்துக்கொண்டு கடைக்கு அலைகிறார். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்துப் பொது நூலகம் 1979 முதல் புத்தகம் போலவே கருவிகளையும் இரவல் கொடுத்து வருகிறது. நம் வாடகைக் கொட்டகையில் இரண்டு இரும்பு அலமாரிகளைக் கொண்டு அதைச் செய்ய இயலாதா என்ற எண்ணமே இத்திட்டத்தின் தொடக்கம். ஒவ்வொரு கருவிக்கும் எண் பொறித்து, பெயர், அளவு, கிடைத்த விதம், நிலை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, எடுத்தவர் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லும் முறையை ஏற்படுத்தினோம். பதிவேட்டின் ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் ஒரே கையெழுத்தில் இருப்பதை உறுப்பினர்கள் கவனித்திருக்கலாம்.

அலமாரிக்குப் பெரும் சேர்க்கையாக அமைந்தது, மறைந்த தச்சர் ஒருவரின் கருவிப் பெட்டியாகும். அவர் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். வீட்டை இடிப்பதற்கு முன் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட இருந்தனர். கடைக்காரர் தருவதாகச் சொன்ன தொகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துச் சங்கத்துக்காக அதை வாங்கினேன். செயற்குழுவின் முன்அனுமதி பெறவில்லை என்பது குற்றச்சாட்டு. மறுநாள் காலை வண்டி வருவதாக இருந்தது. செயற்குழுவைக் கூட்ட ஏழு நாள் அறிவிப்பு வேண்டும். இரண்டையும் எவ்வாறு பொருத்தியிருக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லலாம். செயற்குழு உறுப்பினர் ஒருவர் கொட்டகை காயலான் கடையாகி வருகிறது என்றார். பெட்டியில் இருந்தவை எவை என்பதைப் பொதுக்குழு அறிந்துகொண்டு அச்சொல்லை மதிப்பிடட்டும்.

மேல்தட்டில் பட்டை உளிகளும் நக உளிகளும் அளவு வரிசையில் துணிச் சுருளில் செருகப்பட்டிருந்தன. ஒவ்வொரு பிடியிலும் அவர் பெயரின் முதல் எழுத்து சூட்டுக்கோலால் தமிழில் பொறிக்கப்பட்டிருந்தது. இரண்டு உளிகளில் ஷெஃபீல்டு என்ற இங்கிலாந்து ஊரின் பெயரும் அதனருகே ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரையும் இருந்தன. இதைப் பார்த்து வார்ப்பிரும்பு என்று எண்ணி ஒதுக்குபவர்கள் உண்டு. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் கையாளத் தொடங்கிய முறைப்படி மூசையில் முழுதாக உருக்கி ஊற்றிய எஃகு என்பதே அம்முத்திரையின் பொருள். நயமான முனையை நெடுநாள் தாங்கும் எஃகு அது. கொடுமணலில் மூசை என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே கொட்டாவி விட்ட அன்பர்கள் இவ்வுளிகளைத் தீட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடித்தட்டில் தோதகத்தி மரத்தில் செய்த இழைப்புளி ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் உரசியதால், அலகு வெளியே நீளும் வாய் அகன்றுபோய், அவ்விடத்தில் வேறொரு கெட்டி மரத்துண்டை வாய்க்கு முன்னால் பதித்து, மீண்டும் நூலளவுக்குக் குறுக்கியிருக்கிறார் அம்மனிதர். ஒட்டு தெரியவில்லை, நகத்தால் வருடினால்கூடத் தட்டவில்லை. வாய் அகலமாக இருந்தால் அலகுக்கு முன்னே மரநார் பிய்ந்து எழும். குறுகலாக இருந்தால் எதிர்நாரிலும் சுருள் மெல்லியதாக வரும். இதை அறிந்த கை எப்படி வேலை செய்யும் என்பதற்கு அந்தப் பதிப்பே சான்று. அதனருகே இருந்த, உளி தீட்டும் எண்ணெய்க்கல், நடுவில் ஓடம்போல் குழிந்திருந்தது. அதை வேண்டுமென்றே சமப்படுத்தாமல் வைத்திருக்கிறேன். தீட்டுவதற்கு வேறு கற்கள் உள்ளன.

இரும்பு இழைப்புளி ஒன்றும் இருந்தது. ஷெஃபீல்டில் 1931 முதல் செய்யப்பட்ட ரெக்கார்டு என்ற வணிகப் பெயருடைய வகை. 05 என்ற எண், 14 அங்குல நீளம், 2 அங்குல அலகு. அது முழுவதும் செந்துரு. மரப்பிடிகளைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை இழைப்புளியிலும் நேர்முனையைப் பழைய இரும்புக் கம்பியிலும் இணைத்துத் துருவை நீக்கும் முறையை உறுப்பினர்கள் முன்னிலையில் செய்து காட்டினேன். இரவு முழுவதும் விட்டு எடுத்தபோது துரு கருங்கூழாகக் கழன்று, தேங்காய் நாருக்கே வழிந்து போயிற்று. அடியில் புதைந்திருந்த முத்திரை எழுத்துக்கு எழுத்து வெளிப்பட்டது. அங்கே நின்றவர்கள் எழுப்பிய ஒலிதான், இக்கருவிகளை நாம் ஏன் சேர்க்கிறோம் என்ற கேள்விக்கு இவ்வாண்டு எனக்குக் கிடைத்த தெளிவான விடை. வீட்டில் செய்ய விரும்புவோர் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. நேர்முனையில் எவர்சில்வரை மாட்டினால் அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும்; ஹைட்ரஜன் வாயு எழுவதால் மூடிய அறையில் செய்யக் கூடாது. எடுத்தவுடன் வெந்நீரில் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் பூசாவிட்டால் கண்முன்னே மீண்டும் துரு படியும்.

சேகரிப்பில் உள்ள இன்பம், வாங்கிக் குவிப்பதில் இல்லை என்று எப்போதும் சொல்லி வருகிறேன். ஒரு வரிசையில் விடுபட்ட ஓர் அளவைத் தேடுவதில்தான் அது இருக்கிறது. அலமாரியில் உள்ள விட்வொர்த் ஸ்பேனர்களே இதற்கு எடுத்துக்காட்டு. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசஃப் விட்வொர்த் முன்மொழிந்த 55 பாகை மரை (திருகுப்புரி) அளவுக்கு உரியவை அவை. மெட்ரிக் மரை 60 பாகை. 1956-இன் எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. நம் ஊர் ஆலைகளின் பழைய எந்திரங்கள் மாறவில்லை. ஸ்பேனரின்மேல் 3/8 என்றிருந்தால் அது போல்ட்டின் விட்டம், வாயின் அகலம் அன்று; வாய் ஏறத்தாழ 18 மி.மீ. இருக்கும். இதில் 18 மி.மீ. ஸ்பேனரைக் கொண்டு சமாளிக்கலாம். 1/4 அளவுக்கு வாய் 13.3 மி.மீ.; 13 நுழையாது, 14 போட்டால் நட்டின் முனைகள் உருண்டு போகும். ஆகவே உரிய ஸ்பேனர் இல்லாமல் முடியாது. நம் வரிசையில் அந்த 1/4 மட்டும் நெடுங்காலம் இல்லாதிருந்தது. மூடப்பட்ட ஆலை ஒன்றின் பராமரிப்புப் பட்டறைச் சரக்கு உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு வந்தபோது, கிரீஸ் கெட்டித்த குவியலின் அடியிலிருந்து அதை எடுத்தேன். கடைக்காரர் அதற்கு விலையே சொல்லவில்லை. கூட வாங்கிய பெஞ்ச் வைஸோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஸ்பேனர் இப்போது அலமாரியில் இல்லை. சென்னையில் 1950-களில் தயாராகத் தொடங்கிய புல்லட்டின் பழைய வண்டிகளில் ஆங்கிலேய மரைகள் உண்டு என்பதை நம் உறுப்பினர்கள் அறிவர். அத்தகைய வண்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவர் செப்டம்பரில் ஒரு வாரத்துக்கென்று அதை இரவல் பெற்றார். பதிவேட்டில் கையொப்பம் தெளிவாக உள்ளது. நினைவூட்டியபோதெல்லாம் வண்டி இன்னும் பிரித்தபடியே இருப்பதாக விடை வந்தது. பொங்கலன்று அதே வண்டியில் அவர் என்னைக் கடந்து சென்றதைப் பார்த்தேன். பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. அவர் இக்கூட்டத்துக்கு வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே சந்திக்கலாம். இதேபோல் மரை வெட்டும் டேப் செட்டில் ஒரு பிடியும், வெர்னியர் காலிப்பரின் பெட்டியும், பெரிய ஜி-கிளாம்ப் ஒன்றும் திரும்ப வர வேண்டியுள்ளன. காலிப்பர் வந்துவிட்டது, பெட்டி மட்டும் வரவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத செய்தி.

கணக்கைப் பொறுத்தவரை, பொருளாளர் விரிவான வரவு செலவு அறிக்கையைத் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கொட்டகை வாடகை, மின்கட்டணம், பூசைச் செலவு, சில்லறைச் செலவு ஆகியவை போக, கையிருப்பு சென்ற ஆண்டின் நிலையை ஒட்டியே உள்ளது. கருவிப் பெட்டிக்கான தொகையில் ஒரு பகுதி நன்கொடையாகவும், மறுபகுதி பின்னர் ஈடுசெய்யப்படும் என்ற நிலையில் ஒரு நிர்வாகியின் கைப்பணமாகவும் அமைந்தது. அந்த நிர்வாகி அதை வற்புறுத்திக் கேட்கவில்லை.

ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய். பட்டியலில் உள்ள 64 உறுப்பினர்களில் 37 பேர் மட்டுமே இவ்வாண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்தியுள்ளனர். மாதம் 100 ரூபாய் என்பது நல்ல ஹேக்ஸா பிளேடுகள் சில வாங்கும் தொகை. ஆயிரக்கணக்கில் கொடுத்து மின் ரம்பம் வாங்கிப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும் அன்பர்கள் சந்தா நினைவூட்டலைப் படித்த குறி மட்டும் காட்டி விடை தராமல் இருப்பது வருந்தத்தக்கது. நிலுவை வைத்திருப்போரும் அலமாரியிலிருந்து இரவல் பெறலாம் என்ற இப்போதைய நடைமுறை தொடர வேண்டுமா என்பதை இப்பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். என் கருத்தைக் கேட்டால் சொல்வேன்.

கூட்டங்களுக்குத் தலைமையேற்று நடத்திய தலைவர் அவர்களுக்கும், கணக்குகளைச் செம்மையாகப் பராமரித்த பொருளாளர் அவர்களுக்கும், கணக்குகளைத் தணிக்கை செய்தவருக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ரம்பப் பயிற்சி அளித்த மூத்த தச்சர் ஐயா அவர்களுக்கும், கொட்டகை உரிமையாளருக்கும், கருவிப் பெட்டியை வழங்கிய குடும்பத்தினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். காயலான் கடை என்று குறிப்பிட்ட உறுப்பினர் அதே பெட்டியிலிருந்து மூலைமட்டத்தை இருமுறை இரவல் பெற்று, குறித்த நாளில் எண்ணெய் தடவித் திருப்பித் தந்தார். அவருக்கும் நன்றி உரியது.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். உரிமையாளர் வாடகையை உயர்த்தக் கேட்டுள்ளார். அவர் கேட்பது நியாயமே. சந்தா இப்போதுள்ள விகிதத்தில் வந்தால் கொட்டகையைத் தீபாவளி வரை வைத்திருக்கலாம்; அதன்பின் அலமாரிகளை யாராவது ஒருவர் வீட்டுக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். என் வீட்டில் இடம் இல்லை என்று என் மனைவி தெளிவாகக் கூறிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைகளில் பதிவேட்டைக் கவனிக்க இருவர் முன்வந்தால், அலமாரியை வாரத்தில் இரண்டு நாள் திறக்கலாம். இப்பொறுப்பை இரண்டு ஆண்டுகள் வகித்துவிட்டேன். பதவியில் எனக்குப் பற்று ஏதும் இல்லை. தகுதியுள்ள ஒருவர் விரும்பினால் சாவிக்கொத்தை இன்றே ஒப்படைக்க அணியமாக உள்ளேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்வதிலும் தடையில்லை. ஆனால் அந்நிலையில் 1/4 ஸ்பேனர் வந்து சேரும் வரை இரவல் பதிவேட்டின் விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவேன் என்பதை இப்போதே அறிவிக்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன். சந்தா ரசீதுப் புத்தகம் வாசலில் பொருளாளரிடம் உள்ளது. பணமாகவும் கைப்பேசி வழியாகவும் செலுத்தலாம்.

இப்படிக்கு,
செயலாளர்