மரத்துக்கு உடன்படிக்கை உண்டு, மரம் வெட்டுகிறவனுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவைக்கு இந்தியா ஏழாவது முறையாக, 2026-28 காலத்துக்குத் தேர்வானதைப் பாராட்டியும், பாதுகாப்பு அவையில் நமக்கு நிரந்தர இடம் வேண்டும் என்று வற்புறுத்தியும் நீங்கள் எழுதிய தலையங்கம் படித்தேன். நிரந்தர இடம் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. போரில் வென்றவர்கள் 1945-ல் எடுத்துக்கொண்ட ஐந்து நாற்காலிகளை இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை. 1965-ல் தற்காலிக இடங்களை ஆறிலிருந்து பத்தாக்கியதோடு சரி. ஊருக்கெல்லாம் உரிமை பற்றிப் பாடம் எடுக்கும் அமெரிக்கா, குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை. அந்தக் கோபத்தில் நானும் பங்காளி. பாராட்டில்தான் சேர முடியவில்லை.

நான் நகரிக்காரன். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு என்று பழகிவிட்டதால், திருவண்ணாமலை, ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து புருஷனையோ மகனையோ தேடிக்கொண்டு திருப்பதி கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குக் காகிதம் படித்துச் சொல்லவும் மனு எழுதித் தரவும் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். எல்லாம் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டியதாகப் போட்ட கேஸ்தான். ஏஜென்ட் முன்பணம் கொடுத்து ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிக்கொண்டு வந்திருப்பான். பிடிபடும்போது அவன் இருக்க மாட்டான். கைதான ஆளுக்குத் தன் பேரில் எழுதியிருப்பது என்னவென்றே தெரியாது, காகிதம் தெலுங்கில் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அது என்ன குற்றம் என்று அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு. இந்தியா அதை ஏற்றது 1979-ல்.

செம்மரம் திருப்பதியைச் சுற்றியுள்ள சேஷாசல மலையையும் அதையொட்டிய மலைகளையும் விட்டால் வேறெங்கும் காடாக வளராது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான சைட்டிஸில் இந்தியா 1976-லேயே சேர்ந்தது. 1995-ல் செம்மரம் அதன் இரண்டாம் பட்டியலில் ஏறியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் சீனத்துக்கு நாற்காலி செய்யப் போகும் கட்டையை எந்தத் துறைமுகத்திலும் மடக்கலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. உலக நாடுகள் கூடி ஒரு காரியத்தைச் செய்ய நினைத்தால் முடியும் என்பதற்கு எங்கள் மலையே சாட்சி.

அதே மலையில்தான் 2015 ஏப்ரல் 7 அன்று அதிரடிப்படை சுட்டு 20 தமிழ்க் கூலிகள் செத்தார்கள். கல்லாலும் கத்தியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முன்னாலேயே பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் உரிமை அமைப்பினர். தேசிய மனித உரிமைகள் ஆணையம் குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. பரிந்துரைக்கத்தான் அதற்கு அதிகாரம். அந்த ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்குவதும் ஒரு போலீஸ் அதிகாரிதான், 1993 சட்டமே அப்படி. தேசிய ஆணையங்களுக்குத் தரம் வழங்கும் உலகக் கூட்டமைப்பு 2023-லும் 2024-லும் நம் ஆணையத்தின் மதிப்பீட்டைத் தள்ளிவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் தலையங்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆந்திரப் போலீசை மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவையும் மகனையும் அடித்தது தமிழ் பேசும் போலீஸ்தான்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 1997 அக்டோபரில். கையெழுத்து போட்டால் போதாது, ஏற்புறுதி செய்தால்தான் அது நம்மைக் கட்டுப்படுத்தும். அதை இன்றுவரை செய்யவில்லை. 2010-ல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், காலாவதியானது. 2017 மே மாதம் ஜெனீவாவில் நம் அட்டர்னி ஜெனரல், சித்திரவதை நம் பண்பாட்டுக்கே அந்நியம் என்றார், உடன்படிக்கையை ஏற்பதில் உறுதியாக இருக்கிறோம் என்றும் சொன்னார். பண்பாட்டில் இல்லாத ஒன்றைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்வதில் என்ன கஷ்டம்? அதே ஆண்டு அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வரைவு மசோதாவையும் சேர்த்தே கொடுத்தது. இருக்கிற சட்டமே போதும் என்கிறார்கள் மறுப்பவர்கள். இ.பி.கோ.வுக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சித்திரவதை என்றால் என்ன என்ற வரையறை கிடையாது. வாக்குமூலம் பறிக்கக் காயப்படுத்தினால் தண்டனை என்ற பழைய இ.பி.கோ. பிரிவு, எண் மாறி அப்படியே இருக்கிறது. வாக்குமூலத்துக்காக அல்ல, மிரட்டுவதற்காக அடித்தால்?

நேபாளம், இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், சீனா எல்லாம் ஏற்றுவிட்டன. அங்கெல்லாம் லாக்கப்பில் அடி விழுவதில்லையா என்று கேட்பீர்கள். விழுகிறது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஜெனீவாவில் ஒரு நிபுணர் குழு முன் உட்கார்ந்து அந்த அரசுகள் பதில் சொல்லியாக வேண்டும். நமக்கு அந்தச் சங்கடமே இல்லை.

ஏழைக் கூலிக்காக வேண்டாம், அரசு தன் காரியத்துக்காகவாவது யோசிக்கலாம். 1995-ல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதம் போட்ட வழக்கில் தேடப்படும் டென்மார்க்காரரை ஒப்படைக்க 2011-ல் அந்நாட்டு நீதிமன்றம் மறுத்தது. இங்கே சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து இருக்கிறது என்பது அது சொன்ன காரணம். 2024-லும் அதே கதை. நாம் இந்த உடன்படிக்கையைத் தள்ளிப்போடுகிறோம், தேசப் பாதுகாப்பு வழக்கில் தேடப்படுகிறவர் டென்மார்க்கில் நிம்மதியாக இருக்கிறார்.

பேரவையில் 2028 வரை நமக்கு இடம் உண்டு. இந்தக் காலத்துக்குள் 273-ஆவது அறிக்கையின் வரைவு மசோதா நாடாளுமன்றத்துக்கு வருமா, வராதா? உள்துறை அமைச்சகத்தை உங்கள் தில்லி நிருபர் கேட்டுப் பதிலைப் போடட்டும். வந்தால், நீங்கள் எழுதியபடியே நானும் பாராட்டி ஒரு கடிதம் போடுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நகரி, ஆந்திரப் பிரதேசம்