பயிற்சியை எங்கள் மாடிக்கு அனுப்புங்கள்

தொலைவிலிருந்து இயக்கும் ரோபோக்களைச் செய்யும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். வடசென்னையில் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து எழுதுகிறேன். உங்களிடம் ரோபோ ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவனின் அக்கா நான். உங்கள் பெயரை எழுதவில்லை. இந்தத் துறைக்கு இன்னும் பல கம்பெனிகள் வந்துகொண்டிருக்கின்றன, நான் கேட்கப்போவது எல்லோரிடமும்தான்.

என் தம்பி துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களில் வேலை பார்த்தவன். 6 வருடத்துக்கு முன்னால் கன்டெய்னர் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கை, கண், பேச்சு, புத்தி எல்லாம் முன்னைப் போலவே இருக்கின்றன. எங்கள் பிளாக்கில் லிப்ட் கிடையாது. கீழே போக 52 படி.

அவனை இறக்குவது எப்படி என்று சொல்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டுவோம். மேலே ரெண்டு பேர், கீழே ரெண்டு பேர். படி திரும்புகிற இடத்தில் தண்ணீர் டிரம்கள் இருக்கும், அங்கே நாற்காலியைச் சாய்த்துத்தான் திருப்ப முடியும். அந்த நேரத்தில் தம்பி கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடியே வருவான். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதற்கும் அவன் நாலு பேரைக் கூப்பிடுவதில்லை. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபோது தண்டையார்பேட்டைக்கும் ஸ்டேஷன் வந்தது. அங்கே லிப்ட் இருக்கிறது. அவன் இன்னும் அந்த ஸ்டேஷனைப் பார்க்கவில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் அவன் கேரம் ஆடுகிறான். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். பக்கத்துத் தெரு கிளப்பில் அவன் கூட்டாளிகள் ஒரு செல்போனை போர்டுக்கு மேலே தொங்கும் லைட்டுக் கம்பியில் கட்டி வீடியோ கால் போடுவார்கள். இவன் கட்டிலில் இருந்தபடி, "ரெண்டு விரல் இடப்பக்கம் தள்ளி வை, மெதுவா கட் பண்ணு" என்பான். அங்கே இருப்பவன் அப்படியே அடிப்பான். ஆரம்பத்தில் சிக்னல் இழுத்து இழுத்து வரும். இவன் "வேணாம்" என்று சொல்வதற்குள் ஸ்டிரைக்கர் போயிருக்கும். அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இவன் வாயிலிருந்து "போடு" என்ற சொல் வரும்வரை அவன் விரலைச் சுண்டமாட்டான். இவனும் படம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் "போடு" சொல்வான். நெட் தாமதத்தோடு எப்படி வேலை செய்வது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. உங்கள் வேலைக்கு வேண்டிய பொறுமையும் கணக்கும் இதுதானே?

உங்கள் விளம்பரத்தை முதலில் பார்த்தவனும் அவன்தான். "அக்கா, வீட்டிலிருந்தே ஓட்டலாமாம்" என்று போனை நீட்டினான். போனில் நடந்த நேர்காணலில் தேறினான். இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. 6 வாரப் பயிற்சி, காலை 9 முதல் மாலை 6 வரை, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அலுவலகத்துக்கு நேரில் வரவேண்டும். எங்கள் நிலைமையைச் சொல்லிக் கேட்டபோது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. இங்கிருந்து ஓஎம்ஆருக்கு ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரம் ஆகும். தினமும் 52 படி இறங்கி, 52 படி ஏற வேண்டும். அவன் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஆள் ஓரிடத்தில், வேலை ஓரிடத்தில் என்பதுதான் இந்தத் துறையின் ஆணிவேர். அமெரிக்க விஞ்ஞானி மார்வின் மின்ஸ்கி 1980-ல் டெலிபிரசன்ஸ், அதாவது தொலைவில் இருந்துகொண்டே அங்கே இருப்பதுபோல் வேலை செய்வது பற்றி எழுதியதும், ஜப்பானில் ரோபோ ஆராய்ச்சியாளர் சுசுமு தாச்சி அதே காலத்தில் யோசித்ததும் அதைத்தான். டோக்கியோவின் நிஹோன்பாஷியில் ஓரிலேப் நிறுவனம் 2021-ல் ஒரு காபிக் கடை திறந்தது. அங்கே பரிமாறும் ஓரிஹிமே ரோபோக்களை ஓட்டுகிறவர்கள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பவர்கள். விரல்கூட அசையாதவர் கண் அசைவால் ஓட்டுகிறார். அந்த ரோபோ வளர்ந்த நாட்களில் அதைச் செய்த கெண்டாரோ யோஷிஃபுஜியோடு சேர்ந்து உழைத்த நண்பர் ஒருவர், 4 வயதில் விபத்தில் அடிபட்டுப் படுக்கையிலேயே வாழ்ந்தவர். யார் ஓட்டப்போகிறார்களோ அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்த ரோபோ அது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதில் எனக்குக் கவலையும் இருக்கிறது. அதே டோக்கியோவின் டெலிஎக்சிஸ்டன்ஸ் நிறுவனத்து ரோபோக்கள் ஜப்பானியக் கடைகளில் குளிர்பானம் அடுக்குகின்றன. பெரும்பாலும் தானாகவே அடுக்கிவிடும். பாட்டில் தவறினால் பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருக்கும் ஒருவர் கட்டுப்பாட்டை எடுத்துச் சரிசெய்கிறார். கடைக்கு வருகிறவருக்கு அந்த ஆள் கண்ணில் படுவதே இல்லை. எங்கள் பிள்ளைகள் அப்படிக் குறைந்த கூலிக்கு மறைந்துபோகக் கூடாது. ரோபோவின் மேல் ஓட்டுகிறவரின் பெயர் இருக்கட்டும். அவருடைய கை அசைவைப் பதிவுசெய்து மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதை முதலிலேயே சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள்.

சரி, எங்களுக்கு என்ன வேண்டும்? பயிற்சி வீட்டுக்கு வரவேண்டும். கன்ட்ரோலரையும் திரையையும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினால் போதும், மேலே தூக்கி வர எங்கள் பிளாக்கில் ஆள் இருக்கிறார்கள். 9 மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார வைக்காதீர்கள். தம்பி 2 மணி நேரம் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் படுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். போன வருடம் வந்த புண் ஆற நாலு மாதம் ஆனது, தினம் ரெண்டு வேளை கட்டுப் போட்டது நான். வேலையை 2 மணி நேரமாகப் பிரித்துக் கொடுத்தால் அவனைப் போன்றவர்கள் முழு நாள் வேலையையும் முடித்துத் தருவார்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. தனியார் கம்பெனியை அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆக, இது உங்கள் மனதைப் பொறுத்தது. முடியாத காரியமும் இல்லை. கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகத்தில் பெண்கள் அறைக்குள் உட்கார்ந்தபடி கன்டெய்னர் கிரேன்களை இயக்குகிறார்கள், அந்தக் கரையின் மீனவக் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு. அந்தச் செய்தியைத் தம்பி மூன்று தடவை போட்டுப் பார்த்தான். கன்டெய்னர் எப்படித் தூக்கினால் எப்படி ஆடும் என்று அவனுக்குத் தெரியும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் அவனைப் போல உழைப்பில் அடிபட்டு மாடியில் முடங்கியவர்கள் எத்தனையோ பேர். வேலை தெரிந்தவர்கள். படி இறங்க மட்டும்தான் முடியவில்லை.

உங்கள் விதியை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை சோதித்துப் பார்க்க நினைத்தால், ஒரு ரோபோவைக் கேரம் கிளப்புக்குக் கொண்டு வாருங்கள். கன்ட்ரோலரை மேலே தம்பியிடம் கொடுங்கள். கிளப் சாயங்காலம் 6 மணிக்குத் திறக்கும். போர்டும் பவுடரும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா