பனந்தடிக்குச் சூளை வாசலில் அனுமதி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அப்பா பனையேறி. அவர் ஏறிய மரங்களில் இப்போது என் தம்பி ஏறுகிறான். நிலம் எங்களுடையது அல்ல, பாட்டத்துக்கு எடுத்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதில் 17 பனைகளை விடிவதற்குள் சாய்த்துவிட்டார்கள். சத்தம் கேட்டு நான் ஓடியபோது ஜேசிபி கடைசி மரத்தை முட்டிக்கொண்டிருந்தது. பாளையில் கட்டிய கலயத்தைக்கூட அவிழ்க்கவில்லை. அது உடைந்து, பதநீர் தேரி மணலில் ஊறி, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"அனுமதி இருக்கா?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "பட்டா நிலம்தானே அண்ணாச்சி, எதுக்கு அனுமதி?" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. எங்கள் ஊரில் அதை எழுதி ஒட்டிய ஒரு பலகை கிடையாது. மனு எங்கே கொடுப்பது என்று விசாரித்தால் ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டுகிறார்கள்.

இடி விழுந்து கொண்டை கருகிய பனை, வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்து நிற்கிற பனை, இவற்றை வெட்டத்தான் வேண்டும். அதற்கு ஒரு விவசாயியை நாலு நடை நடக்கவிடாமல், ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து பார்த்து அனுமதி கொடுங்கள்.

பாளை விட்டுப் பலன் தரும் மரம் வேறு. பனை பாளை விட ஏறக்குறைய 15 வருசம் ஆகும். அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்றுகூடத் தெரியாது. வெட்டியதற்குப் பதிலாகக் கொட்டை ஊன்றுகிறோம் என்கிறார்கள். அதில் என் தம்பி ஏற முடியுமா?

தடி எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும். செங்கல் சூளைக்கு. லாரி சூளை வாசலில் நிற்கும்போது ஆட்சியரின் அனுமதி நகலைக் கேட்கட்டும். நகல் இல்லாத தடியை இறக்கினால் சூளைக்காரரும் பொறுப்பு என்று ஆணை வரட்டும். மரம் விழுந்த பிறகு குழியைப் பார்த்து விசாரித்து ஒன்றும் ஆகாது.

அந்த நிலத்துக்குக் கிழக்கே இன்னும் 23 பனைகள் நிற்கின்றன. அவற்றுக்கும் விலை பேசுகிறார்கள் என்று நேற்று கேள்விப்பட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பனையேறியின் மகன்,
தூத்துக்குடி மாவட்டம்.